சென்னை வெயிலில் தாடி ஓணான்: தொட்டியின் சூட்டைச் சரியாக வைத்திருக்க முழுமையான வழிகாட்டி

பியர்டட் டிராகன் என்னும் தாடி ஓணானை (பல்லி இனம்தான்) வளர்க்க ஆரம்பித்தபோது நான் படித்த குறிப்புகள் எல்லாம் குளிர்நாட்டில் இருப்பவர்களுக்காக எழுதியவை. இரவில் எப்படிச் சூடு கொடுப்பது, தொட்டிக்கு அடியில் எந்த ஹீட்டரை வைப்பது என்றே பக்கம் பக்கமாக இருந்தது. நான் இருப்பது மடிப்பாக்கத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. மே மாதம் ராத்திரி பதினோரு மணிக்குக்கூட சுவரில் கை வைத்தால் சுடும். அந்த வீட்டில் ஹீட்டருக்கு என்ன வேலை?

இது எனக்குப் புரிய ஒரு கெட்ட மதியம் தேவைப்பட்டது. ஜனவரியில் சூட்டுக்காகப் பொருத்திய 100 வாட் ஹாலஜன் பல்பை அப்படியே விட்டுவிட்டு, டைமரை நம்பி வேலைக்குப் போயிருந்தேன். கத்திரி ஆரம்பித்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. மூன்று மணிக்கு வீடு திரும்பினால் முத்து (என் டிராகனின் பெயர்) பல்பிலிருந்து தள்ளியிருக்கும் குளிர்ந்த பக்கத்து மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கிறான். வாய் அகலமாகத் திறந்திருக்கிறது, தொண்டை வேகமாக ஏறி இறங்குகிறது. அந்த மூலையில் இருந்த தெர்மாமீட்டர் 37 டிகிரி காட்டியது. தொட்டிக்குள் ஓடி ஒளிய அவனுக்கு இடமே மிஞ்சவில்லை. லைட்டை அணைத்து, அவனை எடுத்து ஹால் தரையில் விட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வாயை மூடினான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கணக்குதான். சென்னையில் சூட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. காசும் கவனமும் குளிர்ந்த பக்கத்துக்குத்தான் போக வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கணக்கில் எழுதியவை.

முதலில், எத்தனை டிகிரி வேண்டும், ஏன்?

பல்லி இனங்கள் தம் உடம்புச் சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்வதில்லை. வெயிலில் காய்ந்து ஏற்றிக்கொள்ளும், நிழலுக்குப் போய் இறக்கிக்கொள்ளும். பியர்டட் டிராகனின் ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதி. காலையில் மரக்கட்டை மேலோ பாறை மேலோ ஏறிக் காயும். உடம்பு 35 டிகிரியை ஒட்டி இருக்கும்போதுதான் அதற்குச் செரிமானம், சுறுசுறுப்பு, நோயெதிர்ப்பு எல்லாம் ஒழுங்காக நடக்கும். சூடு குறைந்தால் தின்ற இரை வயிற்றிலேயே கெட்டுப்போகும். அதிகமானால், நமக்கு இருப்பதுபோல வியர்வைச் சுரப்பி அதற்குக் கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் இடம் மாறுவதும்தான் அதன் கையில் உள்ள வழிகள். இடம் மாறுவதற்கு ஓர் இடத்தை நாம் வைத்திருக்க வேண்டும்.

வளர்ந்த டிராகனுக்கு, வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி. சூடான பக்கத்துக் காற்று 30 முதல் 32. குளிர்ந்த பக்கம் 24 முதல் 28. இரவில் தொட்டி முழுக்க 18 முதல் 24. சென்னையில் கடைசி இரண்டும்தான் கஷ்டம். கல்லை 40க்குக் கொண்டுவர ஒரு சின்ன பல்பு போதும்.

மற்ற இனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிரெஸ்டட் கெக்கோ என்னும் பல்லி நியூ கலிடோனியா தீவுகளிலிருந்து வந்தது. 28 டிகிரியைத் தாண்டினாலே அது தவிக்கும். இரவும் பகலும் ஏ.சி. ஓட்ட முடியாத வீட்டில் அதை வளர்க்காதீர்கள். பச்சை இகுவானா வால் நுனி வரை ஐந்தடி, அதற்கு மேலும் வளரும். அதற்குத் தொட்டி போதாது, ஓர் அறையே வேண்டும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடும்பு, பச்சோந்தி போன்ற நம் ஊர் உயிர்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றை வீட்டில் வைப்பது குற்றம். வெளிநாட்டு இனங்களில் சைட்ஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவற்றை (பச்சை இகுவானா அதில் ஒன்று) வைத்திருப்பவர்கள் 2022 சட்டத் திருத்தத்தின்படியும் 2024இல் வந்த விதிகளின்படியும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். எந்த இனமானாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

படி 1: தொட்டிக்கு முன்னால் அறையை அளங்கள்

பிராணி வீட்டுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, தொட்டி வைக்கப்போகும் இடத்தில் வையுங்கள். காலை 6, மதியம் 1, மாலை 4, இரவு 10 என்று நாலு வேளை எழுதுங்கள். பழைய டைரி ஒன்று போதும். ஒரே அறையில் எவ்வளவு வித்தியாசம் என்று அப்போதுதான் தெரியும். ஒரு மே மதியம் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் 35.5 இருந்தபோது, அதே அறையின் தரையில் 32.8. சூடான காற்று மேலே போகிறது, அதோடு மொட்டை மாடி கான்கிரீட்டும் மேலிருந்து அனல் வீசுகிறது. அன்றே தொட்டியை அலமாரியிலிருந்து இறக்கி, ஒரு அடி உயர மர ஸ்டாண்டில் வைத்தேன். காசு செலவில்லாமல் கிட்டத்தட்ட இரண்டரை டிகிரி லாபம்.

அடையாறிலோ பெசன்ட் நகரிலோ கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மதியம் கடற்காற்று வந்ததும் கொஞ்சம் இறங்கும். அந்தக் காற்று தாமதமாகிற நாட்கள்தான் மோசமானவை. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அப்படி ஒரு நாள் மறுபடி வராது என்று நினைத்து எதையும் அமைக்கக் கூடாது.

படி 2: இடம்

மேற்குச் சுவரை ஒட்டி வேண்டாம், அது மாலை முழுக்கச் சுடும். சமையலறைக்குப் பக்கத்திலும் வேண்டாம். மிக முக்கியமாக, ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் கண்ணாடித் தொட்டியை வைக்கவே வைக்காதீர்கள். வெயிலில் கதவைச் சாத்தி நிறுத்திய கார் போலத்தான் அதுவும். கால் மணி நேரத்தில் உள்ளே இருப்பது உயிரிழக்கலாம். "வெயில் நல்லதுதானே" என்று கேட்பார்கள். நல்லதுதான், ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் அல்ல. வெயிலில் டிராகனுக்குத் தேவையான யு.வி.பி. என்னும் புற ஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். சூடு மட்டும் உள்ளே வரும்.

ஏ.சி. அறையில் வைப்பதென்றால் காற்று தொட்டி மேல் நேராக அடிக்கக் கூடாது. 26இல் ஓடும் ஏ.சி. அறை டிராகனுக்கு மிக வசதியானது. ஈரப்பதத்தையும் அது குறைத்துக் கொடுக்கிறது. டிராகனுக்கு 30 முதல் 40 சதவீதம் ஈரப்பதம் இருந்தாலே போதும். சென்னைக் காற்றில் 70 சாதாரணம்.

படி 3: தொட்டி

நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். வளர்ந்த டிராகனுக்கு இதற்குக் குறைவாக வேண்டாம். நீளம் வேண்டும் என்பதற்குக் காரணம் அது ஓடியாட மட்டும் அல்ல. இரண்டடித் தொட்டியில் ஒரு பக்கம் 40 என்றால் மறுபக்கமும் 34 ஆகிவிடும். நாலடி இருந்தால்தான் ஒரே பெட்டிக்குள் வெயிலும் நிழலும் சேர்ந்து இருக்க முடியும்.

கொளத்தூரில் மீன் தொட்டி செய்பவர்களிடம் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள். ஆனால் மீன் தொட்டி மாதிரி மேலே மட்டும் திறப்பு வைத்தால் காற்று தேங்கும். முன்பக்கம் கீழே ஒரு நீளமான வலை, மேலே முழுக்க வலை என்று கேளுங்கள். கீழே குளிர்ந்த காற்று நுழைந்து மேலே சூடான காற்று வெளியேறும். தச்சரிடம் பிளைவுட்டில் செய்து முன்பக்கம் நகரும் கண்ணாடி வைப்பதும் நல்ல வழிதான். அப்படியென்றால் இரண்டு பக்கச் சுவரிலும் காற்றுத் துளை கட்டாயம்.

தரைக்கு மணல் வேண்டாம், டைல்ஸ் போடுங்கள். கழுவலாம், குளிர்ந்த பக்கத்தில் வயிற்றை வைத்துப் படுக்க அதற்கும் இதமாக இருக்கும். வெயில் காய்வதற்கு என் தேர்வு கடப்பா கல். பழைய வீடு இடிக்கிற இடத்திலோ கல் கடையிலோ உடைந்த துண்டு கிடைக்கும். கறுப்பு, சொரசொரப்பு, சூட்டை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். கடையில் விற்கும் மின்சார 'ஹீட் ராக்' மட்டும் வேண்டவே வேண்டாம். வயிற்றுப் பக்கம் சுடுவது டிராகனுக்குச் சட்டென்று உறைக்காது. தோல் வெந்த பிறகுதான் நமக்கே தெரியும்.

படி 4: வெயில் காயும் இடத்தை அமைப்பது

இதை அவசரப்படாமல், டிராகனை உள்ளே விடுவதற்கு முன்னால் செய்யுங்கள்.

வெள்ளை வெளிச்சம் தரும் ஹாலஜன் ஃபிளட் பல்பு வாங்குங்கள். ஸ்பாட் பல்பு என்றால் சூடு ரூபாய் நாணயம் அளவு வட்டத்தில் குவிந்து முதுகில் புண் ஆக்கும். தலையிலிருந்து இடுப்பு வரை ஒரே சீராகச் சூடு விழ வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். பீங்கான் ஹோல்டரே வேண்டும். பல்பு வலைக்கு மேலே இருக்கட்டும். உள்ளே வைப்பதானால் சுற்றிலும் கம்பிக்கூடு போடுங்கள். கூடவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், விளக்குக்கான டிம்மர் ஒன்று. ஃபேன் ரெகுலேட்டரை எடுத்து மாட்டாதீர்கள், அது இதற்கானது அல்ல.

தொட்டியின் ஒரு கோடியில் கல்லை வைத்து, பல்பை அதிலிருந்து சுமார் ஓரடி உயரத்தில் பொருத்துங்கள். இரண்டு மணி நேரம் எரியட்டும். பிறகு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் துப்பாக்கியால் கல்லை அளங்கள். கண்ணாடி வழியாக அளந்தால் அது கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும், கதவைத் திறந்து அளக்க வேண்டும்.

இங்கே பலரும் தவறவிடுவது ஒன்று. கல் 40 காட்டுகிறது என்று திருப்தி அடைந்துவிடுகிறோம். ஆனால் டிராகன் கல் மேல் உட்காரும்போது அதன் முதுகு நாலைந்து சென்டிமீட்டர் மேலே, பல்புக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. அதனால் அதே உயரமுள்ள ஒரு மரத்துண்டைக் கல் மேல் வைத்து, அரை மணி கழித்து அந்த மரத்தின் மேற்பரப்பை அளங்கள். நான் முதல் தடவை இப்படி அளந்தபோது கல் 40, மரம் 46. பல்பை நாலு விரற்கடை உயர்த்தி, டிம்மரைக் குறைத்து, மரம் 41க்கு வந்த பிறகுதான் முத்துவை உள்ளே விட்டேன்.

ராத்திரி சிவப்பு பல்பு போடச் சொல்லி ஒரு கடையில் எனக்கு விற்றார்கள். தேவையில்லை. அந்த வெளிச்சம் டிராகனின் கண்ணுக்குத் தெரியும், தூக்கம் கெடும். சென்னையில் இரவுக்குச் சூடும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம்.

படி 5: யு.வி.பி.

சூட்டுக்கு ஒரு பல்பு, கதிருக்கு ஒரு டியூப் என்று தனித்தனியாக வைப்பதே நல்லது. ஏனென்றால் கத்திரி மதியத்தில் சூட்டை மட்டும் அணைக்க வேண்டியிருக்கும். டி5 வகை டியூப், பாலைவன இனங்களுக்கான 10 அல்லது 12 சதவீத யு.வி.பி. என்று போட்டது, தொட்டியின் பாதி நீளத்துக்குக் குறையாமல், சூடான பக்கத்தில். டியூப் வெளிச்சம் தந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் குறைந்துவிடும். அதனால் சுமார் ஓராண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். வாங்கிய தேதியை டியூப்பின் ஓரத்தில் மார்க்கரில் எழுதிவிடுவது என் வழக்கம்.

படி 6: காவலுக்கு ஒரு கன்ட்ரோலர்

அன்று மதியம் நடந்தது திரும்ப நடக்காமல் இருப்பது இந்தச் சின்னப் பெட்டியால்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எஸ்.டி.சி-1000 என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சூட்டைப் பார்க்க ஒரு சென்சார் ஒயர், அதற்கேற்பத் தானே இயங்கும் சுவிட்சாக இரண்டு ரிலே: ஒன்று சூடாக்கும் கருவிக்கு, மற்றது குளிர்விக்கும் கருவிக்கு.

வழக்கமாகச் சென்சாரைச் சூடான பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள். நான் குளிர்ந்த பக்கத்தில் வைக்கிறேன். சூடாக்கும் ரிலேயில் ஹாலஜன். குளிர்விக்கும் ரிலேயில், தொட்டியின் மேல் வலையில் சூடான பக்கத்தில் காற்றை வெளியே இழுக்கும் 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன், அதற்குரிய அடாப்டரோடு. வெப்பநிலையை 31, வித்தியாசத்தை 1 என்று வையுங்கள். குளிர்ந்த பக்கம் 31ஐத் தொட்டதும் ஹாலஜன் அணையும், 30க்கு இறங்கினால்தான் திரும்ப எரியும். 32 ஆனால் ஃபேன் ஓடும். நமக்கு வேண்டியது 28தான். இந்த 31 ஆபத்துக்கான வேலி மட்டும்.

ஒயரிங் தெரியாதவர்கள் ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். திறந்த முனைகளைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைக்கச் சொல்லுங்கள். சென்சாரை டேப் போட்டு ஒட்டாமல் கேபிள் டையால் கட்டுங்கள். டேப்பின் பசை டிராகனின் தோலில் ஒட்டினால் உரித்தெடுப்பது கொடுமை.

ஃபேனைப் பற்றி ஒரு தெளிவு. அறை 34 என்றால் ஃபேன் எவ்வளவு ஓடினாலும் தொட்டி 34க்குக் கீழே வராது. பல்பின் சூட்டை வெளியே தள்ளும், அவ்வளவுதான். வியர்க்காத உடம்பின் மேல் காற்று அடித்தும் பயனில்லை.

படி 7: கத்திரி மாதத்துக்குத் தனி அட்டவணை

மே 4ஐ ஒட்டித் தொடங்கி மே 28 வரை அக்னி நட்சத்திரம். நான் ஏப்ரல் நடுவிலேயே மாறிவிடுகிறேன். 100 வாட்டை எடுத்துவிட்டு 50 வாட். ஹாலஜன் காலை 6 முதல் 9.30 வரை மட்டும், ஏனென்றால் அறை அப்போதுதான் 30க்கு அருகில் இருக்கும். முத்து ஆறரைக்குக் கல் மேல் ஏறிக் கறுத்த முதுகோடு தட்டையாகப் படுப்பான். உடம்பு ஏறியதும் நிறம் வெளுக்கும். ஏழு, ஏழரைக்கு முருங்கைக்கீரையும் பூச்சியும். அதன் பிறகும் இரண்டு மணி நேரம் காய்வதால் செரித்துவிடும். 9.30க்குப் பிறகு யு.வி. டியூப் மட்டும் எரியும். மதியம் அறையே 33, 34 இருக்கும், அவனுக்கு அதற்கு மேல் சூடு வேண்டாம்.

மதியம் 12 முதல் 4 வரைதான் கண்டம். ஏ.சி. இருந்தால் அந்த நாலு மணி நேரம் 27இல் வையுங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை முந்தைய இரவே ஃப்ரீசரில் வைத்து, துண்டில் சுற்றி, குளிர்ந்த பக்கத்தின் மேல் வலையில் ஒரு தட்டில் வையுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். என் தொட்டியில் இரண்டு டிகிரி குறைகிறது, ஒன்றரை மணி நேரம் நிற்கிறது. பிறகு அடுத்த பாட்டில். தட்டு எதற்கென்றால் பாட்டில் வியர்த்துச் சொட்டும்.

ஈரத்துணி போர்த்துவது, தண்ணீர் தெளிப்பது இரண்டும் மதுரையிலோ வேலூரிலோ ஓரளவு பயன் தரலாம். சென்னையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் சரியாக ஆவியாகாது. குளிர்ச்சி கிடைக்காது, ஈரம் மட்டும் ஏறி நுரையீரலில் சளி பிடிக்கும்.

அக்டோபரிலிருந்து மழை. அறை 25, 26க்கு வரும்போது பழைய 75 அல்லது 100 வாட்டுக்குத் திரும்பி, நாளுக்கு 11, 12 மணி நேரம் ஓட்டுங்கள். குளிருமோ என்று பயந்து காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். மழைக்காலத்தில் காற்றோட்டம் இன்னும் அதிகம் தேவை. மூக்கில் குமிழி, மூச்சில் கீச்சு ஒலி, தலையை மேலே தூக்கி மூச்சு வாங்குவது, இதில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

உடம்பு சொல்வதைப் படிப்பது

கல் மேல் இருக்கும்போது லேசாக வாயைத் திறப்பது பயப்பட வேண்டியது அல்ல. ஈ.சி.ஆர். வடநெம்மேலி முதலைப் பண்ணையில் கரையில் வாயைப் பிளந்து கிடக்கும் முதலைகளைப் பார்த்திருப்பீர்கள், அதே விஷயம்தான். ஆனால் குளிர்ந்த பக்கத்தில் வாய் திறந்திருந்தால் தொட்டி தோற்றுவிட்டது என்று அர்த்தம். கண்ணாடியில் ஓயாமல் பிராண்டுவது, தண்ணீர்க் கிண்ணத்தில் போய்ப் படுப்பது இவையும் அப்படியே. மாறாக, நாள் முழுக்கக் கல்லை விட்டு இறங்காமல், கறுத்த நிறத்திலேயே, சாப்பிடாமல் இருந்தால் சூடு போதவில்லை.

சூடு தாக்கிவிட்டால் உடனே வெளியே எடுத்து, குளிர்ந்த தரையில் விடுங்கள். கால்கள் துவண்டிருந்தால், 28 டிகிரி அளவு சாதாரணத் தண்ணீரில் தோளுக்குக் கீழே நிற்கும்படி, கையால் தாங்கிப் பிடியுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது. திடீர்க் குளிர் அதை இன்னும் மோசமாக்கும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அப்படியே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஊர்வன பார்க்கும் வேறு மருத்துவரிடமோ கிளம்புங்கள். அந்த எண்ணை இன்றைக்கே ஃபோனில் சேமித்து வையுங்கள்.

கரண்ட் போனால்

மே மாதத்துக் கரண்ட் கட்டில் தொட்டிக் கதவைத் திறந்து, டிராகனை அறையின் தரையில் விடுவதே போதும். ஃப்ரீசர் பாட்டில் அதற்கும் உதவும். இன்வெர்ட்டரில் ஹாலஜனை இணைக்காதீர்கள். இணைத்தால் நாம் வீட்டில் இல்லாதபோது, அறை ஃபேனும் ஏ.சி.யும் நின்று, பல்பு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

புயல் நாட்கள் வேறு மாதிரி. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். இரண்டிலும் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அறை 23, 24க்கு இறங்கும். அந்தக் குளிர் டிராகனைக் கொல்லாது. ஆபத்து வயிற்றில் இருக்கும் இரைதான். காய்வதற்குச் சூடில்லாமல் அது செரிக்காது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே பூச்சியை நிறுத்திவிடுங்கள். வளர்ந்த, ஆரோக்கியமான டிராகன் சில நாள் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. தண்ணீர் மட்டும் இருக்கட்டும். கரண்ட் வந்ததும் ஹாலஜன் இரண்டு மணி நேரம் எரிந்து, கல் 40ஐத் தொட்டு, அது ஏறிக் காய்ந்த பிறகு கொஞ்சம் கீரை வையுங்கள். பூச்சி மறுநாள்.